அம்மாவுக்குப் பக்கத்து இடம்

ஹேல்ஸ் ஃபோர்க், கென்டக்கி
அக்டோபர் 7, 1973

அன்புள்ள லோவல்,

நான் இறந்துபோனது தவிர, இங்கே மற்ற எல்லோரும் சௌக்கியம்.

நேற்று என் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல கல். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாங்கள் வைத்ததைவிட உயர்ந்த கல். “லெட்டி. பதினேழு வயது. நதி எடுத்துக்கொண்டது” என்று செதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உன் பெயர். பிறந்த வருடம் இல்லை. கதாபாத்திரத்துக்கு அது எதற்கு?

உன் ‘பாலத்தில் லெட்டி’ நாவலைப் படித்துவிட்டு வெளியூர் ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் பாடமாக வைத்த பிறகு பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். வந்து இறங்கியதும் கேட்பது ஒன்றைத்தான்: லெட்டியை எங்கே புதைத்தீர்கள்? அப்படி யாரும் இல்லை என்றால் முகம் விழுந்துவிடுகிறது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் யூலா பெக்லி ஒரு கமிட்டி சேர்த்து, ஒரு கல்லையும் நட்டுவிட்டாள். யூலாவை உனக்கு நினைவிருக்கும். பள்ளியில் உன் கட்டுரைகளைப் படித்துவிட்டு அழுவாளே, அவள்தான். நீ சம்மதக் கையெழுத்து போட்டதாகச் சொல்கிறாள்.

கல் நட்டதில் எனக்குக் கோபமில்லை. செம்பட்டை முடி, இடது கைப் பழக்கம், பாலத்தில் பாடிக்கொண்டே நடப்பது என்று எல்லாவற்றையும் என்னிடமிருந்து எடுத்து, கடைசியில் என்னை ஆற்றில் தள்ளினாய். அதற்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. லெட்டியின் ஒரு ஷூ மட்டும் பாலத்தில் கிடந்ததாக எழுதினாய் அல்லவா? வருகிறவர்கள் அந்தக் கல்லடியில் ஆளுக்கொரு ஒற்றை ஷூவை வைத்துவிட்டுப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் ஹோபர்ட் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார், “அழுவறவங்க அழட்டும், வேண்டாங்கல. ரெண்டையும் கழட்டி வெச்சா நம்ம பொண்ணுக்காவது ஆவும்ல?”

என் சங்கடம் அந்த இடம்தான். கல் நிற்பது அம்மாவுக்கு இடப்பக்கம்.

நம் கல்லறைக் குன்றில் யாரும் பத்திரம் எழுதி இடம் வாங்குவதில்லை. எல்லாம் வாய்ச்சொல். அப்பாவின் கல்லைச் சுற்றிக் களை கொத்திக்கொண்டிருந்தபோது அம்மா மண்வெட்டிக் காம்பால் காட்டினாள்: “இது எனக்கு. இது வெர்னாவுக்கு. அதுக்கடுத்தது அவ கட்டிக்கிறவனுக்கு. லோவல் எங்க போய்ப் படுப்பானோ, யாரு கண்டா.” கமிட்டிக்கு இதெல்லாம் தெரியாது. காலியிடம் என்று நினைத்துவிட்டார்கள்.

மே கடைசியில் அலங்கார ஞாயிறு. நீ மறந்திருந்தாலும் மறந்திருப்பாய். அன்று குன்றில் ஒரு கல்லும் பூவில்லாமல் இருக்கக் கூடாது. ஒருமுறை பூ வைத்த கல்லை அதன்பின் யாரும் அசைக்கவும் மாட்டார்கள். கல் அதற்குள் போக வேண்டும். நான் சொல்லி யூலா கேட்கவில்லை. “எழுதினவரு சொல்லட்டும்” என்கிறாள்.

ஒரு வரி எழுதிப் போடு. எனக்கு அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும். வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

உன் தங்கை,
வெர்னா


நியூயார்க்
அக்டோபர் 19, 1973

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கையெழுத்து போட்டது உண்மைதான். நாள்தோறும் ஏதாவது காகிதம் வருகிறது. படிக்காமலே போடுகிறேன். யூலாவுக்கு இன்றே எழுதுகிறேன். கவலைப்படாதே.

இங்கே விசேஷமில்லை. கல்லூரியில் வகுப்பெடுக்கிறேன். மாணவர்கள் இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பெரிய நாவல் ஒன்று என்கிறேன். மேசையில் காகிதம் இருக்கிறது. காலையில் வெள்ளையாக இருந்தது. சாயங்காலமும் அப்படியே.

தெருவோர மரங்கள் மஞ்சளாகிவிட்டன. நம் குன்றில் இந்நேரம் சிவந்திருக்கும்.

அம்மாவின் கல்லில் என்ன எழுதினீர்கள்? நான் கேட்டதே இல்லை.

ஹோபர்ட்டுக்கு என் அன்பு.

லோவல்


ஹேல்ஸ் ஃபோர்க்
டிசம்பர் 2, 1973

அன்புள்ள லோவல்,

உன் கடிதம் யூலாவுக்கு வந்து சேர்ந்தது. ஊருக்கே வந்து சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்று வாசித்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்போது அது சட்டம் போட்டு வங்கிச் சுவரில் தொங்குகிறது.

“கல் என்பது மௌனத்தின் பாரம். அதைச் சுமக்கும் மண்ணுக்கும் ஒரு நினைவு உண்டு. அந்த நினைவை அதற்குரியவளிடம் சேர்ப்பதே நம் கடமை.” இப்படி எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? ஹோபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்று படித்தார். வெளியே வந்ததும் கேட்டார், “உங்கண்ணன் கல்ல எடுக்கச் சொல்றாரா, இன்னொண்ணு நடச் சொல்றாரா?”

யூலாவிடம் போனேன்.

“யூலா, அவன் எடுக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கான்.”

“எங்க எழுதியிருக்கு, காட்டு?”

“நல்லா படிச்சுப் பாரு.”

“படிச்சேன்டி. ஒவ்வொரு வாட்டியும் அழுகையா வருது. எடுக்கச் சொல்ற லெட்டருக்கு யாருக்காவது அழுகை வருமா?”

திரும்பி வந்துவிட்டேன்.

மண்ணைக் காக்கச் சொல்கிறாய் என்று புரிந்துகொண்டு, கல்லைச் சுற்றி இரும்புவேலி வேறு போட்டுவிட்டார்கள். உன் முதல் கடிதத்துக்கு வேலி. இரண்டாவதற்குக் கூரையே போடுவார்கள் போலிருக்கிறது.

நீ எழுத்தாளன் என்பதை மறந்துவிட்டு எழுது. தச்சனுக்கு எழுதுவதுபோல் எழுது.

அம்மாவின் கல்லில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். வந்து பார்.

வெர்னா


நியூயார்க்
டிசம்பர் 14, 1973

அன்புள்ள வெர்னா,

யூலாவுக்கு அனுப்பியதை அப்படியே கீழே தருகிறேன்.

“கல்லை எடுத்துவிடுங்கள். அது என் தங்கையின் இடம். அவள் உயிரோடு இருக்கிறாள்.”

மூன்று வாக்கியம். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. வேறு ஏதாவது சேர்க்க வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கம்பளிச் சால்வை ஒன்று தபாலில் வரும்.

லோவல்


ஹேல்ஸ் ஃபோர்க்
ஜனவரி 20, 1974

அன்புள்ள லோவல்,

சால்வை கதகதப்பாக இருக்கிறது. உன் மூன்று வாக்கியம் என்னைச் சுட்டுவிட்டது.

பள்ளிச் சமையலறையில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தேன். யூலா கடிதமும் கையுமாக உள்ளே வந்தாள்.

“வெர்னா, இத நீதானே எழுதின?”

“நான் எதுக்கு எழுதறேன்?”

“லோவல் நேப்பியர் இப்படி மொட்டையா எழுதுவாரா? ஒரு உவமை கெடையாது. ஒரு ஏக்கம் கெடையாது. மளிகைக் கடைக்கு எழுதின மாதிரி இருக்கு.”

“கையெழுத்தப் பாரு.”

“பாத்தேன், பாத்தேன். அவர் மார்க் ஷீட்ல உங்கப்பா கையெழுத்தையே போட்டுக் குடுத்தவதான நீ?”

அது உண்மைதானே.

இப்போது ஊரில் பேச்சு என்னவென்றால், செத்த பெண்மீது எனக்குப் பொறாமையாம். சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பெண் என்னிடமே கேட்டாள், “பரிட்சைக்கு வருமாம், லெட்டியோட சாவு எதக் குறிக்குதுன்னு சொல்லுங்களேன்.” “ரெண்டு ரொட்டி போதுமா, மூணா?” என்று கேட்டு அனுப்பினேன்.

பிறகு பனி விழுந்தது. பள்ளியை மூடிவிட்டார்கள். அப்போது உன் புத்தகங்களை முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். இதுவரை ‘லெட்டி’யை மட்டும்தான் படித்திருந்தேன். அதையும் பாலம் வரைக்கும்தான். அதற்கு மேல் போக மனம் வரவில்லை. இந்தமுறை எல்லாவற்றையும் முடித்தேன். ‘உப்பு வண்டி’யின் கடைசியில் அவன் ரயிலேறிவிடுகிறான். ‘விருந்தினர் அறை’யில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். பதக்கம் வாங்கிய புத்தகத்தில் வீடே எரிந்துபோகிறது. அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். நானே ஓரிடத்தில் அடுப்பை மறந்தேன்.

ஆனால் லோவல், உன் புத்தகங்களில் ஒருவர்கூட மறுநாள் காலையில் எழுந்திருப்பதில்லை.

அந்த மார்ச் வெள்ளத்தில் நீ இக்கரையில் பெட்டியோடு நின்றாய். நான் பாலத்தில் போனேன். பலகை நழுவியது, ஷூ விழுந்தது. அதுவரை பார்த்தாய். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, திரும்பி நடந்தாய். உன் கதையும் அங்கேயே நின்றுவிட்டது. ஊரில் இருந்துவிட்டவள் அப்புறம் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியவில்லை. தெரியாததை ஆற்றில் விட்டாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்போதுதான் எனக்குப் புரிந்தது, அதனால் சொல்கிறேன்.

நான் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கால் வெறுங்கால். முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். டீட்டன் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகனுடைய பழைய பூட்ஸை என் பக்கம் தள்ளினாள். கையில் ஒரு கத்தியும் கொடுத்தாள். சாயங்காலம் வரை உருளைக்கிழங்கு சீவினேன். பிறகு அந்த பூட்ஸின் சொந்தக்காரரையே கட்டிக்கொண்டேன்.

அவ்வளவுதான் நடந்தது.

அம்மா போனபின் நீ ஒரு புத்தகமும் எழுதவில்லை. வருடங்களைப் பார்த்தபோது தெரிந்தது.

வெர்னா


நியூயார்க்
பிப்ரவரி 3, 1974

வெர்னா,

டீட்டன் அம்மாள் கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொன்னாள்? அடுப்பு கரியா, விறகா? பூட்ஸ் உன் காலுக்குப் பெரிதாக இருந்திருக்குமே, உள்ளே எதையாவது அடைத்தாயா? ஹோபர்ட் எப்போது வந்தார்? நீ அழுதாயா? வீட்டுக்கு எப்படித் திரும்பினாய், அதே பாலத்திலா?

தயவுசெய்து எழுது. எதையும் விடாதே.

லோவல்


ஹேல்ஸ் ஃபோர்க்
மார்ச் 10, 1974

அன்புள்ள லோவல்,

“கதவச் சாத்து, குளிரு வருது.” முதலில் சொன்னது அதுதான்.

விறகு. சோள மட்டையை அடைத்தேன். ஹோபர்ட் சுரங்கத்திலிருந்து இருட்டும் நேரத்துக்கு வந்தார். முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. தன் பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதுல இடது கால்ல ஓட்டை இருக்கு” என்றார். ஒரு பெண்ணிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதானாம், இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். நான் அழவில்லை. அதே பாலத்தில்தான் திரும்பினேன். வேறு எந்தப் பாலம் இருக்கிறது?

அத்தனை கேள்வி கேட்டாயே, கல்லைப் பற்றி ஒன்று கேட்டாயா?

மே 26 அலங்கார ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமை எல்லோரும் மண்வெட்டியோடு குன்றுக்குப் போவார்கள். அன்றைக்குள் கல் போகவில்லை என்றால் மறுநாள் ஊரே அதற்குப் பூ வைத்துவிடும். பிறகு நான் எங்கே போவேன்? என்னை வேறெங்காவது புதைக்கலாம்தான். எனக்கு வேண்டாம். கடைசி மூன்று வருடம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்ததும் கழுவிவிட்டதும் இந்தக் கைதான். அவளுக்குப் பக்கத்தில் இருந்தே பழகிவிட்டது.

உன் எழுத்து இங்கே செல்லுபடியாகவில்லை. வாயைக் கொண்டு வா.

ஊரில் உன்மேல் யாருக்கும் கோபமில்லை. அந்தப் பயம் இருந்தால் விட்டுவிடு. உன் கதையில் வரும் கஞ்சன் தன் தாத்தாதான் என்று இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

வெர்னா


நியூயார்க்
ஏப்ரல் 21, 1974

அன்புள்ள வெர்னா,

ஊருக்குப் பயமில்லை. அம்மாவைப் புதைத்த அன்றே வராத என்னால் அந்த மேட்டில் ஏறி வர முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

லோவல்


ஹேல்ஸ் ஃபோர்க்
ஏப்ரல் 28, 1974

தெரியும். வா.

வெ.


நியூயார்க்
ஜூன் 2, 1974

அன்புள்ள வெர்னா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கையில் கொப்புளம். வகுப்பில் சுண்ணக்கட்டி பிடிக்க முடியவில்லை. ஏன் என்று மாணவர்கள் கேட்டார்கள். களை கொத்தினேன் என்றேன். ஏதோ உருவகம் என்று நினைத்து எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நான் குன்றிலிருந்து இறங்கி வந்தபோது, “மேல என்ன ஆச்சு?” என்று கேட்டாய். “எடுத்துட்டாங்க” என்று மட்டும்தான் சொன்னேன். வாயால் கோத்துச் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை. நீ வேண்டுமென்றே வீட்டில் இருந்துகொண்டாய். “கேக்க வேண்டியது நீ. எனக்கு நாளைக்கு அடுக்குக் கேக் சுடற வேலை கெடக்கு” என்று மாவுக் கையோடு கதவைக் காட்டினாய். அதனால் எழுதுகிறேன்.

மேட்டில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு கிழவர் மண்வெட்டியை நீட்டினார்.

“சும்மா நின்னா எப்படி? யாரு வீட்டு ஆளு நீ?”

“நேப்பியர்.”

“அப்ப ஒன் வரிசை அந்தாண்ட.”

போனேன். அப்பா. பிறகு அம்மா.

பெயர். பிறந்த வருடம், இறந்த வருடம். வேறு எதுவும் இல்லை. நான் இருந்திருந்தால் ஏதாவது எழுதச் சொல்லியிருப்பேன். நல்லவேளை.

புல் முழங்கால்வரை வளர்ந்திருந்தது. கொத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மாவுக்கு வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் வந்தபோது வேலி தடுத்தது. தலைக்கு மேலே ஒரு குரல்.

“ஐயோ, லோவலா! மண்வெட்டியக் கீழ போடு முதல்ல. எழுத்தாளர் களை கொத்தலாமா?”

பையில் ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

“யூலா, இந்தக் கல்ல எடுக்கணும். இது வெர்னாவோட இடம்.”

“லெட்டர்ல நீ அப்படிச் சொல்லலையே.”

“ரெண்டாவது லெட்டர்ல சொன்னேன்.”

“அது நீ எழுதினதா?”

“நான்தான்.”

வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அது நல்லாவே இல்ல, லோவல்.”

“தெரியும்.”

சுற்றி எல்லோரும் கொத்துவதை நிறுத்திவிட்டார்கள். யூலாவின் முகத்தில் கோபமில்லை. பரிதவிப்பு. கண் கலங்கியிருந்தது. “நான் கல்யாணத்துக்கு மொத நாள் அந்தப் புத்தகத்தப் படிச்சுட்டு விடிய விடிய அழுதேன். அப்ப லெட்டி சாகலையா?”

இதைப் பேராசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஏதேதோ சொல்லியிருக்கிறேன்.

“அவ அக்கரைக்குப் போய்ட்டா, யூலா.”

“போயி?”

“உருளக்கெழங்கு சீவினா.”

மண்வெட்டி கொடுத்த கிழவர்தான் முதலில் சிரித்தார். “அடப் பாவி மனுசா, இத முன்னாடியே சொல்லியிருந்தா எங்க இடுப்பாவது மிஞ்சியிருக்குமே! கல்லத் தூக்கியாந்தது யாருங்கற?” பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நீதான் லெட்டி என்று அவர்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. தினமும் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவளைச் செத்தவளாக நினைத்து அழுவதில் அவர்களுக்கு ஒரு முரணும் தோன்றவில்லை. அதை நான் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஹோபர்ட் கடப்பாரையோடு வந்துவிட்டார். அவர் அதை வண்டியில் தயாராக வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். கல்லைப் பாலத்தடிக்குக் கொண்டுபோனார்கள். யூலா முன்னால் நடந்து இடம் காட்டினாள். “இங்கன்னா பஸ் திரும்பவும் சௌகரியம்” என்றாள்.

நான் போகவில்லை. குழியை மூடிவிட்டு, அம்மாவிடம் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுதப்போவதில்லை.

இத்துடன் சில பக்கங்கள். பஸ்ஸில் எழுத ஆரம்பித்தது. கதவைத் தட்டுவதிலிருந்து தொடங்குகிறது. படித்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
லோவல்


ஹேல்ஸ் ஃபோர்க்
ஜூன் 16, 1974

அன்புள்ள லோவல்,

பக்கங்கள் வந்தன. ஹோபர்ட்டுக்கு வாசித்துக் காட்டினேன்.

டீட்டன் அம்மாள் “வா மகளே” என்று சொல்லவே மாட்டாள். அதை எடுத்துவிடு. ஜன்னலில் திரைச்சீலை கிடையாது, பழைய செய்தித்தாள்தான் ஒட்டியிருந்தார்கள். நான் அடுப்பருகே உட்கார்ந்து எதிர்காலத்தை யோசித்ததாக எழுதியிருக்கிறாய். கிழங்கு நிறைய இருந்தது, யோசிக்க நேரமில்லை. ஹோபர்ட்டுக்கு ஒரே ஒரு குறை: தன்னை உயரமாக எழுதவில்லையாம். “கத தானே, நாலு விரல் கூட்டிப் போட்டா என்ன கொறைஞ்சு போவுது?” என்கிறார்.

மற்றபடி நன்றாக வருகிறது. கடைசிப் பக்கத்தில் அவள் மறுநாள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போகிறாள். அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தினேன். ஹோபர்ட் காத்திருந்தார். “ம், அப்புறம்?” என்றார். “இன்னும் எழுதலையாம்” என்றேன். “சீக்கிரம் எழுதச் சொல்லு” என்றார். அதனால் சொல்கிறேன். சீக்கிரமெல்லாம் வேண்டாம். ஆனால் எழுது.

யூலாவைக் கடையில் பார்த்தேன். முதலில் பேசவில்லை. பிறகு தானாகவே வந்து, எந்தக் கத்தியால் கிழங்கு சீவினேன் என்று கேட்டாள். வீட்டில் இருந்தால் கமிட்டிக்கு வேண்டுமாம். துரத்திவிட்டேன்.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. நீ பஸ் ஏறிய பிறகு நானும் ஹோபர்ட்டும் குன்றுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைப் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. கல் இருந்த இடத்தில் மண் புதிதாக, சதுரமாக இருந்தது. நீ நன்றாகத்தான் மூடியிருக்கிறாய். சுற்றிலும் யாரும் இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, சால்வையை விரித்து அங்கே படுத்தேன். அம்மா இந்தப் பக்கம். மேலே ஓக் மரக்கிளை, அதற்கு மேலே வானம். மண் குளிர்ச்சியாக இருந்தது. எங்கோ கீழே யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹோபர்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அளவு சரியா இருக்கா?”

“கச்சிதமா இருக்கு” என்றேன். “கையக் குடுங்க, அடுப்புல பீன்ஸ் கெடக்கு.”

உன்,
வெர்னா